ஒன்பது வரிகள்

இரண்டு கட்டங்கள் மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தன.

மாவட்டத்தின் பத்து வருடச் சிசு மரணப் பட்டியல். நாலாயிரத்துச் சொச்சம் வரிகள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொரு கை தேதி அடித்திருந்தது. ஒருவர் நாளை முன்னால் போட்டிருந்தார், இன்னொருவர் மாதத்தை. நடுவில் புள்ளி வைத்தவற்றைக் கணினி தேதியென்றே ஒப்புக்கொள்ளவில்லை, சிவப்படித்துவிட்டது.

எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்தாக வேண்டும். நாலு மணிக்கு இணையதளத்தைத் திறந்துவைக்க அமைச்சர் வருகிறார்.

கீழே கூடத்தில் ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. 'ஒளிவுமறைவற்ற தரவு'. குத்துவிளக்கு வாடகைக்கு வந்திருந்தது. இணை இயக்குநர் வைகுண்டநாதன் தன் அறையில் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெட்டாடேட்டா என்பது தரவின் ஆன்மா."

ஆன்மாவுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நிறுத்தி, கைதட்டலுக்கு இடம் விட்டார்.

மாடியில் கணினி முன், ஒப்பந்த ஊழியரான அவள் சிவப்புக் கட்டங்களைத் திறந்தாள். 6.7. இரண்டும் ஒரே ஆஸ்பத்திரி. சரிசெய்தாள். அதே ஆஸ்பத்திரியில் ஜூன் ஏழு என்று நான்கு இருந்தன. பதிவெண்ணைப் பார்த்தால் அவையும் ஜூலை ஆறுதான். கணினி தலைகீழாகப் படித்திருக்கிறது. திருப்பினாள்.

பிறகு தேதிவாரியாக அடுக்கினாள்.

ஏற்கெனவே சரியாக இருந்த மூன்றோடு சேர்ந்து, ஒன்பது வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

ஒரே நாள். பதிவெண் 211 முதல் 219 வரை, இடைவெளி இல்லாமல்.

குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது. தாயின் பெயர்தான். நான்காவது வரியில் அவள் பெயர் இருந்தது.

ஏழு வருடம்.

அன்று மதியம் கரண்ட் போய் வார்டில் ஃபேன் நின்றது. வெகுநேரம் நின்றது. பெண்கள் கேஸ் ஷீட்டை மடக்கி விசிறிக்கொண்டார்கள். குழந்தைகள் மாடியில், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்தன.

சாயங்காலம் அவளைத் தனியே கூப்பிட்டு நர்ஸ் சொன்னாள். "உன் ஒடம்புல ரத்தமே இல்லம்மா. மத்த புள்ளைங்கல்லாம் நல்லாத்தான இருக்கு."

அந்தப் பேச்சு அவளோடு மாமியார் வீட்டுக்கு வந்தது. ஏழு வருடமாக அங்கே குடும்பத்தில் ஒருவராக உட்கார்ந்து சாப்பிடுகிறது. வளைகாப்புக்கு யாரும் அவளை அழைப்பதில்லை.

ஒன்பது.

மறுபடி எண்ணினாள்.

பின்னால் சென்ட் வாசம் வந்தது. வைகுண்டநாதன் திரையில் இறப்புகளின் கோட்டு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா இது? நேத்து வரைக்கும் வாய்க்கால் தண்ணி மாதிரி அழகா ஓடிட்டிருந்துது. நடுவுல என்ன தென்னமரம்?"

"தேதியச் சரி பண்ணினேன் சார்."

"சரி பண்ணினா இப்படியா ஆவும்? ஒரே நாள்ல ஒன்பதுன்னா பேப்பர்காரன் சும்மா விடுவானா? பிரிச்சுப் போடு. முன்ன பின்ன பத்து நாள்ல பரவுனாப் போதும்."

"பதிவெண் வரிசையா இருக்கு சார்."

"அத எவன் பாக்கப்போறான்? அமைச்சர் படத்தத்தான் பாப்பார்."

"சார், இதுல ஒண்ணு என்னோட..."

அவருடைய போன் அடித்தது. "பச்சை வேண்டாம்யா! போன விழாவுல பச்சை போத்தித்தான் அந்தாளு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டாரு. மஞ்சள் சால்வை வாங்கு." காதிலிருந்து எடுக்காமலே அவள் பக்கம் திரும்பி, அன்பாகச் சொன்னார். "உன் ஒப்பந்த ஃபைல் என் மேசையிலதாம்மா இருக்கு. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுடறேன்."

போய்விட்டார்.

அவள் நாற்காலியை மேசைக்கு இழுத்துக்கொண்டாள்.

பிறகு கடைசி வரியிலிருந்து தொடங்கினாள்.

219க்கு இரண்டு நாள் கூட்டிக் கொடுத்தாள். 218க்கு ஐந்து. முன்ன பின்ன என்றுதான் சொல்லியிருந்தார். அவள் யாருக்கும் குறைக்கவில்லை. மரியபுஷ்பம் என்ற தாயின் குழந்தைக்குப் பத்து நாளையும் கொடுத்தாள். கண்ணைத் திறந்து பார்க்க, பால் குடிக்கப் பழக, பத்து நாள் போதும்.

எட்டு முடிந்தது.

தன் வரிக்கு வந்தாள். ஒரு நாள் கூட்டினாள். அழித்தாள். மூன்று கூட்டினாள். அதையும் அழித்தாள்.

அந்த ஒரு தேதியில் மட்டும் அவளால் பொய் எழுத முடியவில்லை.

அப்படியே விட்டுச் சேமித்தாள்.

நாலு மணிக்கு விளக்கேற்றினார்கள். ஆன்மா வந்த இடத்தில் கைதட்டினார்கள். மஞ்சள் சால்வை போர்த்திய அமைச்சர் மவுஸைப் பிடித்துத் தளத்தைத் திறந்து வைத்தார். பெரிய திரையில் கோடு வாய்க்கால் தண்ணீராக ஓடியது.

அம்புக்குறி தன்பாட்டுக்கு அலைந்து, அந்த வருடத்து ஜூலை ஆறின்மேல் போய் நின்றது. சின்னதாக ஒரு கட்டம் விரிந்தது.

இறப்பு: 1.