இரண்டு பேருக்கான இறுக்கம்

ஸ்பானரை இன்னொரு தரம் அழுத்தினாள்.

கட்டை திரும்பியது. டக்.

கராஜ் முழுக்கக் கேட்டது. அவள் காதுக்கு அது நாதஸ்வரம்.

பனியில் ஓடுகிற ஸ்னோமொபைலின் சீற்றுக்குக் கீழே, பின்பக்கம், இரண்டு பெரிய ஸ்பிரிங். ஒவ்வொன்றோடும் ஒரு கட்டை. கட்டையைத் திருப்பத் திருப்ப ஸ்பிரிங் இறுகும். தனியாக ஓட்டுகிறவருக்கு முதல் நிலை. பின்னால் ஆள் ஏறினால் கடைசி நிலை. மாற்றுவது ஒரு நிமிட வேலை.

போன ஞாயிறு, அந்த ஒரு நிமிடத்துக்கு அவள் புருசனுக்குப் பஞ்சி; குனிய மனமில்லை.

தனக்கு மட்டும் வைத்த தளர்ந்த ஸ்பிரிங்கோடு, அவளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, உறைந்த ஏரியில் பறந்தார். முதல் மேட்டிலேயே பின்பக்கம் அமுங்கிப்போய் இடித்தது. இரண்டாவது மேட்டில் அவள் ஆகாயத்தில் இருந்தாள். அங்கேயிருந்து பார்க்க அமெரிக்கா தெரிந்தது.

அதுகூடப் பரவாயில்லை. விழுந்தாள். எழும்பினாள். பனியைத் தட்டினாள்.

பின்னேரம் தமிழ்ச் சங்க மண்டபத்தில், அத்தனை பேருக்கும் முன்னால், ரோல்ஸைக் கடித்தபடி அவர் சொன்னார்:

"வண்டியில பிழையில்லை. இவவின்ர பாரம்தான். இவ விழுந்த இடத்தில ஐஸ் வெடிச்சு, ஒரு மீன் எட்டிப் பார்த்தது, 'ஆரப்பா அது?' எண்டு."

மண்டபம் குலுங்கியது. திலகேஸ்வரி அக்கா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

விழுந்த அவளோ ஸ்கூல் பஸ் ஓட்டி ரிற்றயர் ஆனவள். வட ஒன்ராறியோப் பனியில், ஒரு பஸ் நிறையக் கத்துகிற பிள்ளைகளோடு, ஒரு நாளும் சில்லைப் பள்ளத்தில் இறக்காதவள்.

அவளை ஒரு மீன் எட்டிப் பார்த்ததாம்.

டக்.

மற்றப் பக்கமும் கடைசி நிலை.

அவர் முருங்கைக்காய்க்கு மீசை வைத்த மாதிரி ஆள். அந்தப் பாரத்துக்கு இந்த ஸ்பிரிங் அசையவே அசையாது. ஒவ்வொரு மேடும் நேரே முதுகெலும்பில் ஏறும். ஏரியின் அந்தத் தொங்கலுக்குப் போய்ச்சேர முன்னம் கண்ணாடி ஒரு மாகாணத்தில், பல்செற் இன்னொரு மாகாணத்தில். அதே சங்கத்துச் சனம் கரையில் நின்று பார்க்கும்.

கையைத் துடைத்தாள். மனதுக்குள் ஒரு கலியாண வீடே நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஏரிக்கரையில் வெயிலும் குளிரும் சேர்ந்து கண்ணைக் குத்தின.

சங்கத்தின் குளிர்கால ஒன்றுகூடல். ஒருவர் மிச்சமில்லாமல் வந்திருந்தார்கள். திலகேஸ்வரி அக்கா மடக்குக் கதிரை போட்டு முன்வரிசையில்.

அவள் நல்ல இடமாகப் பார்த்து நின்றாள். போனை உயர்த்திப் பிடித்தாள்.

அவர் ஏறி இருந்தார். எஞ்சின் உறுமியது. திரும்பிப் பார்த்தார்.

"இஞ்சேரும், நீரும் ஏறுமன். இண்டைக்கு விழுத்தமாட்டன்."

கரை முழுக்க ஓவென்று கூவியது.

ஏறாவிட்டால் பயந்தாங்கொள்ளி. அவருடைய மீன் கதைக்கு ஒரு குட்டியும் பிறந்துவிடும்.

ஏறினால் இரண்டு பேர். கடைசி நிலை அதற்குத்தானே.

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

முதல் மேடு வந்தது. வந்ததே தெரியவில்லை.

இரண்டாவதில் வண்டி மெல்ல எழும்பி, பூனை மெத்தையில் குதிக்கிற மாதிரி இறங்கியது.

மூன்றாவதில் அவள் சிரித்துவிட்டாள். தன்னை அறியாமல்தான்.

வெள்ளை. காற்று. பின்னால் கரை ஒரு கோடாகிக்கொண்டு வந்தது. இந்த வண்டிக்குள் இப்படியொரு சுகம் ஒளிந்திருந்ததா? அவர் முதுகில் சாய்ந்தாள். மன்னித்துவிடலாம் போல இருந்தது. பாதி மன்னித்தும் விட்டாள்.

அவர் தலையைத் திருப்பிக் கத்தினார்:

"பார்த்தீரே! வண்டியில பிழையில்லை எண்டு அண்டைக்கே சொன்னன். என்ர செற்றிங் அப்பிடி! நீர்தான் இப்ப ஒழுங்கா இருக்கப் பழகியிருக்கிறீர்!"

அவள் நிமிர்ந்தாள்.

ஒரு மேடு போனது. இன்னொரு மேடு போனது.

அவர் தோளில் மெதுவாகத் தட்டினாள்.

"இஞ்சேருங்கோ, பின்னுக்கு என்னவோ கிலுகிலுக்குது. இறங்கி ஒருக்காப் பாருங்கோவன்."

நிறுத்தினார். அவருடைய ஜாக்கெற்றிலிருந்து வண்டிக்கு ஒரு கயிறு. ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். வண்டிப் பக்கத்து நுனியைக் கழற்றக் கை வைத்தார்.

"ஐயோ, அதை வண்டியிலயே விடுங்கோ. எஞ்சின் ஓடினாத்தானே சத்தம் கேக்கும்."

"அதுவும் சரிதான்."

ஜாக்கெற்றிலிருந்து கயிற்றைக் கழற்றிவிட்டு, முழங்கால் பனிக்குள் இறங்கினார். பக்கவாட்டில் போய்க் குனிந்தார். காதைச் சாய்த்தார்.

அவள் முன்னுக்கு நகர்ந்து இருந்தாள்.

கயிற்றைத் தன் ஜாக்கெற்றில் கொளுவினாள். கைப்பிடி இளஞ்சூடாக இருந்தது. பஸ்ஸின் ஸ்டியரிங்குக்குப் பிறகு, இவ்வளவு காலத்தில், இப்போதுதான் ஒன்று கைக்கு அடக்கமாக வந்திருக்கிறது.

கரையைப் பார்த்தாள். எறும்பு எறும்பாகச் சனம். அதற்கும் அவளுக்கும் நடுவில், பனி முழுக்க, மேட்டுக்கு மேல் மேடு. ஸ்பிரிங் கடைசி நிலையில். சீற்றில் ஒரே ஒரு ஆள்.

ஒவ்வொரு மேடும் உடம்பில் எங்கே எங்கே இடிக்கும் என்று அவளுக்கு அத்துப்படி.

ஹெல்மெற் வாரை இழுத்துப் பூட்டினாள்.

"ஒண்டும் கேக்கேல்லையேயப்பா," என்றார் அவர்.

"இன்னும் கொஞ்சம் குனிஞ்சு கேளுங்கோ," என்றாள்.