ரெண்டு ஸ்பூன்

கோபிநாத் சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். சாத்துவதற்கு முன் கூடத்தில் உட்கார்ந்திருந்த மனைவியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். காப்பி போடப் போகிறவன் எதற்குக் கதவைச் சாத்த வேண்டும் என்று அமிர்தவல்லிக்குத் தோன்றியது.

மூலக்குளத்தில் இரண்டு நாளாக மழை விடவில்லை. வில்லியனூரிலிருந்து நாத்தனார் தனக்கொடியும் அவள் வீட்டுக்காரர் செல்வகுமாரும் நனைந்துகொண்டே வண்டியில் வந்து இறங்கியிருந்தார்கள். வந்ததும் செல்வகுமார் ரெயின்கோட்டுக்குள்ளிருந்து எடுத்து டீப்பாய் மேல் வைத்தது ஒரு குவார்ட்டர் பிராந்தி.

"டேய் தம்பி, நம்ம வூட்டு மழைக் காப்பி போடுடா. மூக்கு அடைச்சிக்கினு கிடக்குது," என்றாள் தனக்கொடி, தலையைத் துவட்டிக்கொண்டே.

கோபிநாத் பாட்டிலையும் அமிர்தவல்லியையும் மாறி மாறிப் பார்த்தான். அக்காவிடம் வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஆஸ்பத்திரி டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது.

இன்னொரு முறை ஒரு சொட்டு உள்ளே போனால் இனியா இந்த வீட்டில் இருக்க மாட்டாள் என்று பேசி முடிவாகியிருந்தது. குழந்தையின் தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் அது. ஐந்து வயது இனியா அத்தையின் மடியில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள்.

"சுக்கு தட்டிப் போட்டியாடா?" தனக்கொடி இருந்த இடத்திலிருந்தே அதிகாரம் செய்தாள். "வெல்லம் கரைஞ்சதும் டிகாஷன ஊத்து. அடுப்ப அணைச்சிட்டுதான் பிராந்தி வுடணும். முன்னாடியே வுட்டியன்னா எல்லாம் ஆவியா பூடும்."

"காப்பிக்கு இம்மாம் சட்டம் பேசுறா. கொழம்புக்கு உப்பு போட மறந்துடுவா," என்று செல்வகுமார் சிரித்தார்.

"மறந்தாதான் நீங்க கொஞ்சமா துன்றீங்க."

அமிர்தவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் காது சமையலறையில் இருந்தது. அடுப்பு அணைந்தது. மூடி திருகும் ஓசை. பிறகு ஊற்றும் சத்தம். ரெண்டு ஸ்பூன் என்றால் இவ்வளவு நேரம் விழாது. அவன் ஸ்பூனே எடுக்கவில்லை.

தட்டோடு வெளியே வந்தான். அக்காவுக்கும் மாமாவுக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தான். அமிர்தவல்லிக்கு வெறும் பால் காப்பி.

"நீ எடுத்துக்கல, மச்சான்?"

"எனக்கு வேணாம் மாமா. அசிடிட்டி."

நேற்று சாயங்காலம் ஏழு மிளகாய் பஜ்ஜி தின்றவனுக்கு எப்போது வந்தது அசிடிட்டி? அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

தனக்கொடி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தாள். "அமிர்தா, ஞாபகம் இருக்குதா? நீ இனியாவ பெத்துட்டுப் படுத்திருந்தப்பவும் இதே மாதிரி அடைமழ. பச்ச ஒடம்பு தாங்கணுமேன்னு தினம் ரெண்டு ஸ்பூன் வுட்டு நாந்தான் கலந்து குடுத்தேன். மொத நாளு மூஞ்சிய எப்பிடிச் சுளிச்ச தெரியுமா!"

"இருக்குது அண்ணி."

அவள் மனம் வேறெங்கோ இருந்தது. தட்டில் பாட்டில் இல்லை. மாமாவிடம் அவன் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அப்படியானால் உள்ளே எங்கோ இருக்கிறது. இத்தனை மாதம் கட்டிக் காத்தது ஒரு மழை நாளில் கரைந்துவிடுமோ என்று பயந்தாள்.

கோபிநாத் ரோட்டில் தேங்கிய தண்ணீரைப் பற்றி மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தான். அவன் கண் மட்டும் இரண்டு முறை சமையலறைப் பக்கம் போய் வந்தது. எதையோ ஒளித்து வைத்தவர்கள் பார்க்கும் பார்வை. அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"சக்கர பத்தல," என்று டம்ளரோடு எழுந்தாள்.

"இரு, நான் கொண்டாறேன்." அவனும் எழுந்தான்.

"ஒக்காருடா! சக்கர டப்பா எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியாதா? பொண்டாட்டிய ரெண்டு நிமிசம் வுட்டுட்டு இருக்க மாட்டியா?" தனக்கொடி அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

சமையலறையில் சுக்கு வாசனைக்கு அடியில் அந்த வாசனை இருந்தது. மேடையில் பாட்டில் இல்லை. சிங்குக்குக் கீழேயும் அரிசி டிரம்முக்குப் பின்னாலும் இல்லை. எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டால் போதும் என்று அமிர்தவல்லி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பரண்மேல் இட்லிக் குண்டானுக்குள், துணியில் சுற்றி வைத்திருந்தான்.

கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு டம்ளருக்குப் போனது போக மீதி அப்படியே இருந்தது. வைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். ஆனால் மூடி எப்போது கழன்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பின்னால் கோபிநாத் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. கூடத்துக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"எங்கிட்ட குடுத்துடு அமிர்தா. நீ குடிய வுட்டு பதினோரு மாசமாச்சு."