கதவுக்கு வெளியே கணவன்

கதவு சாத்தப்படுகிறது. மனைவிக்குத் தாய்வழியில் வந்த நிலத்தை விற்பதென்றால், கணவனை வெளியே அனுப்பிவிட்டு அவளைத் தனியே கேட்டாக வேண்டும் என்பது இங்கிலாந்துச் சட்டம். அதனால், அந்த நிலத்தை விற்று லண்டனில் மாளிகை கட்டத் துடிக்கும் சர் எவரார்டின் காலடி இப்போது குளிர்ந்த கூடத்தில் போவதும் வருவதுமாக இருக்கிறது. சன்னலுக்கு அப்பால், பனி விலகாத ஆற்றோரப் புல்வெளியில் அவர் மனைவி தாமசின் என்னும் சீமாட்டியின் செம்மறிகள் மேய்கின்றன. மேசைமேல் பத்திரம்; பக்கத்தில், முத்திரைக்கான சிவப்பு அரக்கை உருக்க ஏற்றிவைத்த மெழுகுவர்த்தி. விசாரிக்க வந்த முதியவர், பதில் தெரிந்தவர்போல் இறகுப் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டே கேட்கிறார்: "யாரும் மிரட்டலியே, மனசாரத்தானே சம்மதிக்கிறீங்க அம்மணி? இருபது வருஷமா கேக்குறேன், ஒருத்தரும் மாட்டேன்னு சொன்னதில்ல." வெளியே காலடி நிற்கிறது. தாமசின் தன் மோதிரத்தை மெல்லத் திருப்புகிறாள். இந்த மோதிரத்தோடுதான் அம்மா அந்தப் புல்வெளியையும் அவளுக்குக் கொடுத்தாள். அவள் குரல் உயரவில்லை. "அப்ப நான்தான் மொதல் ஆளு. மாட்டேன்னு எழுதிக்குங்க." பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை பத்திரத்தில் விழுந்து பரவுகிறது. அவள் குனிந்து மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கிறாள். "கதவத் தெறந்துவிடுங்க. பாவம், அவரு எவ்வளவு நேரம் குளிர்ல நிப்பாரு."