ஒட்டாத வியாதி

“பொறாமைங்கிற வியாதி மட்டும் இந்த உடம்புல ஒட்டவே ஒட்டாது. முப்பது வருஷ சர்வீஸ்ல யாரைப் பார்த்தும் நான் வயிறு எரிஞ்சது கிடையாது!”

ஒரு பெரிய சபைக்கு அறிவிப்பதுபோல் சொல்லி முடித்த தலைமை எழுத்தர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டார்.

“அப்ப பஸ் ஏறினதுலேர்ந்து இறங்கற வரைக்கும் மேலாளரைப் பத்தியே புலம்பினது யாரு?” என்றாள் மனைவி. “போதும், உட்காருங்க. நர்ஸ் முறைக்குது.”

“உட்கார முடிஞ்சா நான் ஏன் இங்க வரேன்?”

அது உண்மை. மூன்று வாரமாக அவர் நின்றே சாப்பிட்டார், நின்றே செய்தித்தாள் படித்தார், பேருந்தில் யாராவது பெரியவர் என்று இடம் கொடுத்தால் கோபித்துக்கொண்டார். தோல் மருத்துவரிடம் போகலாம் என்று மனைவி கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். “அப்ப நின்னுக்கிட்டே தூங்கிப் பழகுங்க” என்று தலையணையைப் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் கிளம்பினார். அதுவும் ஒரே நிபந்தனையோடு: எரிகிற இடம் எது என்று ஆபீஸில் ஒருத்தருக்கும், முக்கியமாக அந்த மேலாளருக்குத் தெரியவே கூடாது. முகமூடியும் தொப்பியும் அதற்காகத்தான்.

டாக்டர் அறைக் கதவு திறந்தது. அந்த மேலாளரே வெளியே வந்தார்.

அவர் தலைமை எழுத்தரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஃபைலுக்கு ஓட்டை போடக்கூட இவர்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஓட்டை போட்டுப் பழகிய அந்தக் கை இன்றைக்குக் கையெழுத்துப் போடுகிறது.

“அண்ணே, நீங்களா? முகமூடி போட்டாலும் அந்தக் கம்பீரம் தெரியுதே! என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்லை. வீட்டுக்காரிக்கு… கன்னத்துல லேசா ஒரு தேமல்.”

ஒரு புள்ளிகூட இல்லாத கன்னத்தைத் தடவியபடி மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“எனக்கு வெளிய சொல்ல முடியாத இடத்துல தடிப்பு அண்ணே” என்று மேலாளர் வெளியே சொல்லிச் சிரித்தார். “அண்ணி, அண்ணனை நீங்க கொஞ்சம் கண்டிக்கணும். மத்தியானம் நான் வீட்டுக்குச் சாப்பிடப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் என் ரூமுக்கு இவர்தான் காவல். வெளிய எழுந்து போறதே இல்லையாம். இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கா? வரேன் அண்ணி, தேமலைப் பார்த்துக்கோங்க.”

மேலாளரின் தலை மறைந்ததும் தலைமை எழுத்தர் பல்லைக் கடித்தார். “பார்த்தியா? அவனுக்கு டாக்டரே கதவு வரைக்கும் வந்து வழியனுப்பறாங்க. கையில ரெண்டு ட்யூப் வேற. எனக்கு எத்தனை தர்றாங்கன்னு பார்க்கறேன்.”

“ஐஸ்கிரீமா தர்றாங்க? வாங்க உள்ள, கூப்பிடறாங்க.”

டாக்டருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். தடுப்புத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, “பேண்ட்டைக் கொஞ்சம் இறக்குங்க சார்” என்றார்.

முப்பது வருட சர்வீஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. மனைவி சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். டாக்டர் விளக்கைத் திருப்பி, குனிந்து, நிதானமாகப் பார்த்தார். அந்த நிதானம் அவரைக் கொன்றது.

“பயப்பட ஒண்ணுமில்லை. இது தொத்து வியாதி கிடையாது. இன்னிக்கு இதே மாதிரி ரெண்டாவது கேஸ். அவருக்கு இதைவிடப் பெருசு.”

“பெருசா?” தலைமை எழுத்தரின் குரல் சட்டென்று இறங்கியது. இதிலுமா அவன் முந்திக்கொண்டான்?

“மருந்து போட்டா பத்து நாள்ல சுத்தமா ஆறிடும். ஆனா காரணத்தை விட்டாகணும். சில புது லெதர் நாற்காலிக்குள்ள பூஞ்சை பிடிக்காம இருக்க ஒரு பொடி வைக்கறாங்க. உட்கார்ற சூட்டுல அது துணியைத் தாண்டி வந்து தோலைப் பதம் பார்த்துடும். நீங்க அந்த மாதிரி எதுலயாவது உட்கார்றீங்களா?”

அவர் சுவரில் இருந்த ஒரு விரிசலைக் கவனமாக ஆராய்ந்தார்.

“அதெல்லாம் எங்களுக்கு ஏது டாக்டர்?” என்று மனைவி முந்திக்கொண்டாள். “வீட்டுல பிளாஸ்டிக் நாற்காலி. ஆபீஸ்ல இவருக்கு மர நாற்காலி. அதுவும் ஒரு கால் ஆடும்னு அட்டையை மடிச்சு முட்டுக் கொடுத்திருக்காரு. அங்க லெதர் நாற்காலின்னா மேலாளர் ரூம்ல ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு மாசம் முன்னாடி வந்துச்சு. அது சுத்துது, சாயுது, உட்கார்ந்தா அப்படியே உள்வாங்கிக்குதுன்னு இவரு தினமும் வந்து…”

மனைவி நிறுத்தினாள். தூக்கிப் பிடித்திருந்த சட்டையை மெல்லக் கீழே விட்டாள்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். “தினமும் எவ்வளவு நேரம் சார்?”

“மத்தியானம் ஒரு மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும்.”

“எரிய ஆரம்பிச்ச பிறகுமா?”

“ஞாயித்துக்கிழமை கிடையாது” என்றார் தலைமை எழுத்தர், சுவரிடம்.