மூன்று பச்சைகள்

அடுப்புக்கு மேலே சுவரில் மூன்று பட்டை பச்சை இழுத்துவிட்டு, காய்ந்தால்தான் உண்மையான நிறம் தெரியும் என்று சொல்லி, பெயிண்டர் டீ குடிக்கப் போயிருந்தார்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி நின்றாள்.

முதலாவது, உரித்த பட்டாணி. இரண்டாவது கொஞ்சம் சாம்பல் தட்டியது. மழை நாளில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரம் மாதிரி. மூன்றாவது கண்ணைக் குத்தியது. அதைப் பெயிண்டர் தன் இஷ்டத்துக்குச் சேர்த்திருந்தார்.

இரண்டாவதுதான் என்று அவள் மனதுக்குள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். ஆனாலும் உடனே சொல்லிவிட மனம் வரவில்லை. கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக் கேட்டு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. கொஞ்சம் ஆற அமர அனுபவிக்க வேண்டாமா?

இந்த வீட்டில் சமையலறை என்றைக்கும் வெளிர்மஞ்சள்தான். பச்சை என்று வாயெடுத்தாலே, பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும் என்பார் அவள் கணவர்.

அவர் சர்வேயர். வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் அடிக்க மாட்டார். தட்டு அலமாரி எந்த உயரத்தில் இருக்க வேண்டும், குப்பைக் கூடை எந்த மூலையில் இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கட்சி உண்டு. அவள் எதிர்க்கட்சி. ரெண்டு பேரும் சண்டை போட்டே வயசானவங்க என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு.

இந்தத் தடவை பேச்சை எடுத்தது வெளியூரில் வேலை பார்க்கும் மகள். பச்சையே அடித்துவிடலாம், அப்பாவிடம் தான் பேசிக்கொள்வதாக போனில் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் லீவு போட்டு வந்து, இதோ, தரையில் உட்கார்ந்து ஜாடிகளை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். வந்ததிலிருந்து அம்மா சொல்கிற எதற்கும் மறுபேச்சு இல்லை.

சுவரின் முன்னால் நின்றபடியே அவள் தன் கணவரைக் கூப்பிட்டாள். அவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"உனக்குப் பிடிச்சதையே அடிச்சுக்கோ."

ஜெயித்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

பிறகு என்னவோ உறுத்தியது. அவள் வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில். மனைவி ஒவ்வொரு ஃபிரேமாகப் போட்டுக் காட்டும்போது, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நல்லாயிருக்கு என்கிற கணவன்மாரை அவள் தினமும் பார்க்கிறாள். தன் வீட்டுக்காரர் அந்த ரகமில்லை என்று கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவர் நல்லாயில்லை என்பார். ஆனால், பார்த்துவிட்டுச் சொல்வார்.

அவர் வாயைப் பிடுங்கிப் பார்க்கலாமென்று, கண்ணைக் குத்துகிற அந்த மூன்றாவதைக் காட்டி, இதுதான் என்றாள்.

நன்றாக இருக்கும் என்றார்.

கூரைக்கும் இதையே அடிக்கப் போவதாகச் சொன்னாள்.

அடிக்கலாம் என்றார்.

கடைசியாக, தட்டு அலமாரியைச் சுட்டிக்காட்டினாள். ஒரு மழைக்கால விடுமுறை முழுக்க அவரே மரம் அறுத்து, இழைத்து, மட்டம் பார்த்து மாட்டியது. அதில் ஒரு பல்லி ஓடினால்கூட அவருக்குப் பொறுக்காது. சுவரை அடைக்கிறது, கழற்றிப் பெயிண்டரிடமே கொடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

அவர் அலமாரியைப் பார்க்கவில்லை. கழற்றிக்கொள் என்றார்.

குரலில் கோபமில்லை, குத்தலில்லை. இதமாகத்தான் சொன்னார். காலி செய்யப் போகிற குடித்தனக்காரர், அடுத்து வருகிறவரிடம் பேசுகிற மாதிரி.

கொஞ்ச நாளாக அவர் எதற்கும் சண்டைக்கு வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் பேசாமல் சாப்பிட்டார். ஜன்னலைத் திறந்து வைத்தால் திறந்தபடியே விட்டார். வயசாகிவிட்டது, பக்குவம் வந்துவிட்டது என்று அவள்தான் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

பட்டைகள் ஓரத்திலிருந்து காயத் தொடங்கியிருந்தன. அவள் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"வீட்டை விட்டு எப்பப் போறீங்க?"

எங்கே என்று அவர் கேட்டிருக்க வேண்டும். என்ன உளறுகிறாய் என்று எரிந்து விழுந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை போதும், விடிய விடியச் சண்டை போட அவள் தயாராக இருந்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பினார்.

அவள் பக்கம் அல்ல. மகள் பக்கம்.

பாதி சுற்றிய ஜாடியோடு மகள் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"நான் சொல்லலப்பா" என்றாள்.