நாலு புள்ளி ஒண்ணு

புறநகர் அல்வாலைத் தாண்டி ஹைதராபாத் எதுவரை என்று வரைபடத்தில் கோடு போட்டவள் கணக்கெடுப்பு அதிகாரி கல்பகம். கோட்டுக்குள் விழுந்த வீடுகளை எண்ணி, வீட்டுக்குச் சராசரி 4.1 பேர் என்று பெருக்கி, மக்கள்தொகையையும் கையோடு சொல்லிவிட்டாள். அவள் கணக்கு பிசகியதே இல்லை. பேருக்கு ஒருமுறை சரிபார்க்கலாம் என்று கோட்டை ஒட்டிய கடைசி வீட்டுக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரம்.

“வீட்ல எத்தனை பேர் சார்?”

“நாலு புள்ளி ஒண்ணும்மா,” என்றார் வீட்டுக்காரர் தனசிங்.

கல்பகம் சிரித்தாள். “அது சராசரி சார். புள்ளி ஒண்ணு எந்த வீட்லயும் இருக்காது.”

“ஹவ், ஆமாம்மா, நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். நீங்க கோடு போட்ட அன்னிக்கு வந்துச்சு.”

உள்ளே மேஜையில் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தனசிங் எழுந்து வந்த நாற்காலி போக, ஐந்தாவது நாற்காலியும் காலி. அதன் முன்னிருந்த தட்டில் ஒரு பிடி சோறு குறைந்துகொண்டே வந்தது.

“அடுத்த வருஷம் சராசரியக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லுதும்மா,” என்றார் தனசிங்.