ஒரு கைப்பிடி கொசுறு

ஐசக் போட்ட சத்தத்தில் கண்ணாடித் தொட்டியில் இருந்த மீன்களே மூலைக்கு ஒதுங்கின.

"இத்தனூண்டு பஞ்சுக்கு நாப்பது ரூபாயா? லூட் ஹை க்யா? பகல் கொள்ளையா இருக்கே!"

"ஃபாரின் மால், சாஹேப். ஏக் தாம்" என்றார் பூனா கேம்ப் பகுதி வளர்ப்பு மீன் கடைக்காரர். ஒரே விலையாம்!

பேரம் படியாத கடையில் நிற்பதே ஐசக்குக்கு அவமானம். லாரி கிளீனராகப் பூனாவுக்கு வந்து, அடிபட்டு மிதிபட்டு, இன்று கோர்படியில் இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியவரில்லை.

ஆனால் விஷயம் அவசரம். தன் தங்கையின் பிரசவத்துக்காக மெட்ராஸ் போயிருந்தாள் மனைவி டோரீன். அவள் கிளம்பும்போது வீட்டுத் தொட்டியில் ஏழு மீன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அந்தத் தொட்டி ஒன்றைத்தான். தண்ணீரை வடிகட்டும் டப்பாவில் பஞ்சு நைந்துபோகவே, ஐசக் சிக்கனமாக மருந்துக்கடைப் பஞ்சை வாங்கி அடைத்தார். அது அழுகி, தண்ணீர் நாறி, மூன்று மீன் போயிற்று.

மிச்சம் நாலு. வெள்ளிக்கிழமை டோரீன் வருகிறாள். இன்று புதன்.

ஐசக் பாக்கெட்டை நசுக்கிப் பார்த்தார். அட, நைலான் பஞ்சு! மெத்தைக் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற சரக்கு!

அடுத்த அரை மணியில் கோர்படி பஜாரில், சாந்தகுமாரியின் மெத்தைக் கடையில் நின்றார். கிளிப் படம் தைத்த குண்டு மெத்தையை ஸ்டூலில் போட்டு உட்கார்ந்து, மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள் அவள். பக்கத்தில் வெள்ளைவெளேரென்று பஞ்சுக் குவியல்.

"ரெண்டு கைப்பிடி குடும்மா. மீன் தொட்டிக்கு."

மெஷின் நின்றது. "அது மீனுக்கு ஆகாதுண்ணே."

"வாங்குறவன்தான் சரக்கைக் குறை சொல்லுவான். விக்கிறவளே சொன்னா, அது விலை ஏத்துற வேலை. எங்கிட்டயேவா?"

"அதுக்கில்லேண்ணே, அதுல..."

"அதுல இதுலன்னு இழுக்காதே! மலை மாதிரி குவிச்சு வச்சிருக்கே. நாளன்னிக்கு என் வீட்டுக்காரி வர்றா. பஞ்சு வாங்காம இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்குச் சாயந்திரம் வாங்க."

மறுநாள் காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள். பிரித்தால், அமுங்கிப் பழுப்பேறிய பஞ்சு. தொட்டால் இன்னும் ஈரம்.

"பழசு! அதுவும் ஈரம்! இதுக்கு எவ்வளவு?"

"அஞ்சு ரூபா குடுங்கண்ணே."

"மூணு."

"சரிண்ணே."

ஐசக்குக்குப் பகீரென்றது. உடனே 'சரி' என்றால், இரண்டுக்கே படிந்திருக்குமோ? விட்டதைப் பிடிக்க வேண்டாமா? குவியலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார்.

"இது கொசுறு!"

சாந்தகுமாரி பாய்ந்து வந்து அவர் கையில் பட்டென்று ஒன்று போட்டாள். பஞ்சைப் பிடுங்கிக் குவியலிலேயே வீசினாள்.

"அதைத் தொடாதீங்க!"

"கஞ்சப் பிசினாறி! ஒரு கைப்பிடி கொசுறுக்கு மனசு வராத கடை உருப்படுமா?"

பஜாரே திரும்பிப் பார்த்தது. அவள் குவியலைச் சாக்கால் மூடினாள்.

வெள்ளிக்கிழமை காலை. தொட்டித் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. நாலு மீனும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

ஐசக் ஜெயித்துவிட்டார். ஆனாலும் கையில் விழுந்த அடி உறுத்தியது. கொசுறு வாங்காமல் அவர் எந்தக் கடைப் படியையும் இறங்கியதில்லை. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஆட்டோவை மெத்தைக் கடை வாசலில் நிறுத்தினார்.

உள்ளே சாந்தகுமாரி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, டப்பாவிலிருந்து ஏதோ பொடியைப் பஞ்சுக் குவியல் மேல் தூவிக்கொண்டிருந்தாள். நெடி தூக்கியடித்தது. ஐசக்குக்கு இருமல் வந்துவிட்டது.

"என்னம்மா இது?"

"மூட்டைப்பூச்சி மருந்துண்ணே. புதுச் சரக்கு எல்லாத்துலயும் போட்டுத்தான் வைப்போம்."

ஐசக் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தாண்ணே வந்தேன். நீங்க விட்டாத்தானே?"

"அப்ப எனக்குக் குடுத்தது?"

"அதுல இப்ப மருந்து இல்லேண்ணே. நாலு வருஷப் பழசு. வெந்நீர்ல நாலு வாட்டி அலசிட்டுத்தான் குடுத்தேன். மீனெல்லாம் நல்லா இருக்கா?"

பதிலுக்குக் காத்திராமல், மூக்குத் துணியை அவிழ்த்துவிட்டு மெஷினுக்குப் போனாள். வெறும் மர ஸ்டூலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெள்ள உட்கார்ந்தாள்.

வாசல் கொடியில், உள்ளே ஒன்றுமில்லாமல், கிளிப் படம் தைத்த மெத்தை உறை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.